அடுப்பை மெழுகுகிறவர் யார்?

பழைய வீடுகளில் கொடியடுப்பு என்று ஒன்று இருந்தது. மண்ணால் போட்ட பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், உள்ளுக்குள் ஒரு சிறு வழி விட்டு, இன்னொரு குழி. விறகு பெரிய அடுப்பில்தான் எரியும். கொடிக்கென்று விறகு கிடையாது. சோற்றுப் பானையைத் தொட்டுவிட்டு மிஞ்சுகிற அனல் அந்த வழியாகப் போய், கொடியில் இருக்கும் பருப்பையோ வெந்நீரையோ காய்ச்சும். கொடியில் ஒன்றும் வைக்காமல் அடுப்பெரித்தால் என் பாட்டிக்குப் பொறுக்காது. "சும்மா போற அனலுக்கு ஒரு சட்டித் தண்ணி வெச்சா என்ன கொறைஞ்சா போயிருவே?" என்று மருமகளைக் கேட்பாள்.

கொங்குநாட்டாரின் சிக்கனம் இந்த அடுப்பிலிருந்துதான் பிறந்ததோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. பெரிய ஆலைகளும் இந்தப் பாடத்தைத்தான் வேறு பாஷையில் சொல்கின்றன.

மேட்டூர் அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 1987-க்கும் 1990-க்கும் இடையில் 210 மெகாவாட் வீதம் நாலு இயந்திரங்கள் அங்கே ஓடத் தொடங்கின. 2013-ல் 600 மெகாவாட்டில் இன்னொன்று சேர்ந்தது. ஒடிஸாவின் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி கப்பலேறி, ரயிலேறி இவ்வளவு தூரம் வருகிறது. வந்து எரிந்தால், அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ சற்று அதிகமோதான் மின்சாரமாகிறது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் கோபுரங்கள் வழியாகவும் ஆகாயத்துக்குப் போகிறது. கொடியில்லாத அடுப்பு!

காகித ஆலையின் சங்கதி வேறு. அதற்கு மின்சாரமும் வேண்டும், ஈரக் காகிதத்தை உலர்த்த நீராவியும் வேண்டும். ஆகவே பாய்லரில் எழும் உக்கிரமான நீராவியை முதலில் டர்பைனைச் சுழற்றவிட்டு, வேகம் தணிந்து வெளியே வருவதை உலர்த்தும் உருளைகளுக்கு அனுப்புகிறார்கள். எரிந்த நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு எழுபது, எண்பது வரை பயன்பட்டுவிடும். இது புதிய யுக்தி அல்ல. 1882-ல் நியூயார்க்கில் எடிஸன் அமைத்த முதல் மின் நிலையமே விளக்குக்கு மின்சாரத்தையும் பக்கத்துக் கட்டிடங்களுக்கு நீராவியையும் கொடுத்தது.

சரி, ஒன்றும் வீணாகவில்லையே, இதைவிட நல்ல காரியம் உண்டா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பாட்டியின் அடுப்பை மறுபடியும் நினைத்துப் பார்த்தபோது, நான் மறந்துபோன ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அது அவளுடைய கண்கள். சாயங்காலம் அவை எப்போதும் சிவந்திருக்கும். விறகை மிச்சம் பிடித்த கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கண்ணின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

கரூருக்குப் பக்கத்தில் காகிதபுரம் இருக்கிறது. அங்கே உள்ள ஆலையைத் தமிழக அரசு 1979-ல் தொடங்கியது. 1984-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. மரத்தை வெட்டாமல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது அதன் நோக்கம். போற்ற வேண்டிய நோக்கந்தான். ஆனால் சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையை எரித்துத்தானே இயங்கிக்கொண்டிருந்தன? அவற்றுக்கு ஈடு செய்ய வேண்டியிருந்தது. சக்கையைப் பெற்றுக்கொண்டு, நிலக்கரி பாய்லர் வைத்து நீராவி கொடுத்தார்கள். மரம் பிழைத்தது, நிலக்கரி எரிந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஓரிடத்தில் மிச்சம் பிடித்தது வேறோரிடத்தில் செலவாக எழுதப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேறோர் ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் அந்தப் பாய்லரும் சேர்ந்தே கிழடானார்கள். குழாய்கள் அரித்து மெலிந்துபோய், ஒன்றை அடைத்தால் இன்னொன்று கசியுமாம். "அந்தப் புகையெல்லாம் எந்தப் பக்கம் போகுமுங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் யோசித்தார். "கேஜைப் பாத்தேனுங்க. தண்ணி மட்டத்தைப் பாத்தேனுங்க. பொகை எங்கே போச்சுன்னு ஒரு நாளும் அண்ணாந்து பாக்கலீங்க."

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணுங்க. அந்தச் சம்பளத்துலதான் ரெண்டு பொண்ணுகளையும் கட்டிக் குடுத்தேன். அதைக் கெட்டதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

அவர் அண்ணாந்து பார்க்காதது அவருடைய குற்றமா? 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துச் சிலர் மாண்டார்கள். மறு வருஷமே வங்காளத்தில் சட்டம் வந்தது. 1923-ல் தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. 2025-ல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்திருக்கிறது. பாய்லரைச் சோதிக்காமல் ஓட்டக் கூடாது என்பதில் அன்றும் இன்றும் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. புகையின் கதையோ வேறு. அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. கெடு பலமுறை நீண்டது. 2025-ல், அந்தப் புகையைப் பிடிக்கும் சாதனத்தை வைப்பதிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. வெடித்தால் சாகிறவன் கண்ணெதிரே சாகிறான். புகையால் இளைக்கிறவன் எங்கோ இளைக்கிறான். நமது தர்ம புத்தி கண்ணுக்கு எட்டிய தூரம்தான் போகிறது.

புகைபோக்கியை இவ்வளவு உயரமாக ஏன் கட்டுகிறார்கள்? பெரிய மின் நிலையங்களுக்கு 220 மீட்டர், அதனினும் பெரியவற்றுக்கு 275 மீட்டர் என்று விதியே இருக்கிறது. பக்கத்து ஊரில் புகை படியக் கூடாது என்பது நல்ல எண்ணந்தான். ஆனால் உயரம் புகையை அழித்துவிடுவதில்லை, தூரத்துக்கு அனுப்புகிறது. பாட்டியின் புகை பாட்டியின் கண்ணுக்கே வந்தது. அவள் சமைத்ததில் அவளுக்கும் ஒரு பிடி இருந்தது. இங்கே உண்பவர் ஒருவர், புகையை ஏற்பவர் இன்னொருவர். இந்த அடுப்புக்கும் அந்த அடுப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கிழட்டு நிலையங்களை எல்லாம் உடனே மூடிவிடலாமா? மூடு என்று சொல்வது சுலபம். சொல்கிறவர் அந்த மின்சாரத்தில் விளக்கேற்றிப் படித்தவர். அந்தக் காகிதத்தில் பரீட்சை எழுதியவர். பெரியவரின் பெண்களைப் போலவே அவரும் அந்தச் சம்பளத்தில் பங்கு தின்றவர்தாம். ஓடும் மட்டும் ஓடட்டும் என்பதும் அதே அளவு சுலபம். சொல்கிறவர் பெரும்பாலும் காற்றின் எதிர்த் திசையில் குடியிருப்பார்.

எண்ணூரில் 1970-ல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-ல் ஓய்ந்தது. சோவியத் உதவியோடு 1962-ல் இயங்கத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றது. 1882-ல் லண்டனில் நிலக்கரி மின் நிலையம் கண்ட பிரிட்டனே 2024 செப்டம்பரில் தன் கடைசி நிலையத்தை மூடிவிட்டது. எல்லா அடுப்பும் ஒரு நாள் அணையும். அணைக்கும்போது சாம்பல் குட்டையைச் சுத்தம் செய்யவும் ஆட்களுக்கு வழி காட்டவும் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நமது நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல். அதில் கொஞ்சம் சிமெண்டாகும், செங்கல்லாகும், மற்றது கிடக்கும். லாபம் வந்த வருஷங்களில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கியிருந்தால்தான் கடைசி நாளில் கையில் பணம் இருக்கும். கணக்குப் புத்தகத்தில் அந்தக் கலத்தைக் கோடு போட்டு வைக்க வேண்டிய நாள் பாய்லரில் முதல் நெருப்பு மூட்டிய நாள். குழாய் கசிகிற நாள் அல்ல. கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரவு எல்லோரும் உண்டு முடித்த பிறகு, பாட்டி தணலில் தண்ணீர் தெளிப்பாள். சாம்பலை அள்ளுவாள், பாத்திரம் விளக்க ஒரு பங்கு, குப்பைக் குழிக்கு ஒரு பங்கு. பிறகு சாணம் கரைத்து அடுப்பை மெழுகிவிட்டுத்தான் படுப்பாள். அடுத்த வீட்டுக்காரி வந்து மெழுகட்டும் என்று ஒரு நாளாவது அவள் விட்டு வைத்ததாக எனக்கு நினைவில்லை.