மருந்தும் மொழியும்

"படிப்பறிவில்லாதவர்கள், சொன்னால் கேட்பதில்லை" என்று ஏழை நோயாளரைக் குறித்துச் சிலர் கூறுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சொன்னது அவர்க்கு விளங்கியதா என்று கேட்பாரோ அரியர்.

ஈஜிபுராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் பலர் அருகிலுள்ள கோரமங்கலத்து வீடுகளில் வேலை செய்கின்றனர். ஆடவர் பலர் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். கடைத்தெருவில் பழகிய கன்னடம் பிழைப்புக்குப் போதும். மருத்துவரிடம் நோயை விளக்கப் போதாது. மருந்துச் சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கிறது.

காசநோயை எண்ணிப் பார்ப்போம். அதற்கான மருந்தை அரசு இலவசமாகவே அளிக்கிறது. வழக்கமான சிகிச்சைக் காலம் 6 மாதம். ஆயினும் சில வாரங்களிலேயே இருமல் தணிந்து உடம்பு தேறிவிடும். இடையில் நிறுத்தினால் நோய் மீளும் என்பதையும், மருந்துக்கு அடங்காததாக மாறவும் கூடும் என்பதையும் விளங்கச் சொல்லாவிடின், கூலிக்கு விரைபவர் மாத்திரையை விட்டுவிடுகிறார். ஒற்றையறை வீட்டில் அந்நோய் குழந்தைகளையும் பற்றுகிறது. மருந்து இருந்தது, அதனை விளக்கும் சொல் இல்லை.

2021ஆம் ஆண்டு கொரோனாத் தடுப்பூசிக் காலத்திலும் இதையே கண்டோம். மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளோர்க்குக் 'கோவின்' இணையதளத்தில் முன்பதிவு கட்டாயமாயிற்று. அதில் இந்திய மொழிகள் ஜூன் மாதத்தில்தான் இடம்பெற்றன. கைபேசியும் ஆங்கிலமும் கைவந்தவர் முந்திக்கொண்டனர், ஏனையோர் காத்திருந்தனர்.

குடியேறிய மாநிலத்தின் மொழியைக் கற்பது நம் கடமையே, ஐயமில்லை. ஆனால் நோயுற்ற வேளை மொழி கற்கும் வேளையன்று. அறிந்தவர், அறியாதவர் ஆகிய இருவருள் விளங்கச் செய்யும் பொறுப்பு அறிந்தவர்க்கே மிகுதி. தமக்கு எது தெரியவில்லை என்பதையே அறியாதவர் கேள்வி கேட்பது எங்ஙனம்?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காகப் பகுத்தார். அந்த நான்காமவர் இல்லாத இடத்தில், பள்ளி செல்லும் சிறுமி தாயின் நோயை மொழிபெயர்த்துச் சொல்கிறாள். மகளிடம் தாய் சொல்லக் கூசுவது மருத்துவர் செவிக்கு எட்டுவதேயில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அந்த நான்காமவராக நிற்கலாகாதா? சீட்டைப் படித்துச் சொல்லச் சிறிது நேரமும், மருத்துவமனைக்கு உடன்செல்ல அரை நாள் விடுப்பும் போதுமன்றோ! மேடையில் மொழியைப் போற்றும் நாம், அம்மொழி ஓர் உயிருக்கு உதவக்கூடிய இடத்தில் வாய்மூடியிருத்தல் முறையாகாது.