உடைந்ததா? உடைத்தோமா?

வீட்டில் பீங்கான் தட்டு விழுந்து நொறுங்குகிறது. "யாருடா உடைச்சது?" என்று தாய் கேட்கிறாள். "நான் உடைக்கலேம்மா, அதுவா உடைஞ்சிடுச்சு" என்கிறான் பிள்ளை. நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால், அன்புச் சகோதர சகோதரிகளே! வளர்ந்து பெரியவர்களான பிறகும் நாம் அந்தப் பிள்ளையின் பேச்சையே பேசி வருகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

நம் தமிழ் அதற்கு இடம் தருகிறது. 'உடைத்தேன்' என்றால் செய்தவன் முன்னே நிற்கிறான். 'உடைந்தது' என்றால் அவன் மறைந்துவிடுகிறான். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும் குறுவைக் காலத்தில், மடையை அடைக்காமல் உறங்கிப்போகிறார் ஒருவர். விடிந்து பார்த்தால் பக்கத்து நாற்றங்கால் மூழ்கிக் கிடக்கிறது. "வரப்பு உடைஞ்சு போச்சு மச்சான், நான் என்ன செய்ய? அல்லாஹ்வுடைய நாட்டம்" என்கிறார். கை தவறியது, தெரியாமல் நடந்தது, தற்செயல், விபத்து, நஸீபு என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! எல்லாம் அவன் நாட்டப்படியே நடக்கின்றன என்பது நம் ஈமான். அந்த ஈமானை அடுத்தவர் நஷ்டத்தை மூடும் போர்வையாக்கலாமா?

மார்க்கம் இதில் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று பாவம், மற்றொன்று பொறுப்பு. தவறுதலாக நடந்ததில் குற்றமில்லை, உள்ளம் நாடிச் செய்ததிலேயே குற்றம் என்ற கருத்தை அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் காண்கிறோம். ஆனால் பாவம் நீங்கினால் பொறுப்பும் நீங்கிவிடுமா? உறக்கத்தால் தவறிய தொழுகைக்குப் பாவமில்லை. எனினும் விழித்ததும் அதைத் தொழுதே ஆகவேண்டும். தொழுகையில் மறதி ஏற்பட்டால் ஸஜ்தா ஸஹ்வு செய்கிறோம்.

அல்லாஹ்வின் ஹக்கிலேயே இப்படியென்றால், அடியார்களின் ஹக்கில் எப்படி இருக்கும்? தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலும் கஃப்பாரா உண்டு, வாரிசுகளுக்கு நஷ்டஈடும் உண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அந்த ஈட்டை விட்டுக்கொடுக்கும் உரிமை இழந்தவர்களுக்கே உரியது. "நான் வேண்டுமென்றா செய்தேன்?" என்று கேட்டு, இழப்பை உண்டாக்கியவர் தாமே அதைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுவதை நாம் அறிவோம். இரவில் ஆடுகள் நழுவி அடுத்தவர் உளுந்தில் மேய்ந்தால் வழக்கு வரும். இதே போன்ற வழக்கு நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) முன் வந்ததை அல் அன்பியா அத்தியாயம் கூறுகிறது. ஆடுகளை யாரும் ஏவிவிடவில்லை. எனினும் வயல் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டுக்காரர் அதைத் திருத்தித் தரவேண்டும். அதுவரை ஆடுகளின் பலனை வயல்காரர் அனுபவிக்கலாம் என்று சுலைமான் (அலை) தீர்ப்பளித்ததாக விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். இருவருக்கும் நீதி கிடைத்தது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். "தீப்பிடித்துக்கொண்டது" என்று நாடே சொன்னது. அப்படி நடக்கவேண்டுமென்று எவரும் நாடியிருக்கமாட்டார்கள். ஆனால் எரியும் அடுப்பின் அருகே கீற்றுக் கூரை, இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டு. இவை தாமாக வந்தவையா? நாடாமல் நடந்தது வேறு. பாராமல் விட்டது வேறு. இரண்டையும் 'விபத்து' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால், நாளைக்கும் நாம் பாராமலே இருப்போம்.

ஆகவே, நம்மால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் அவர் கேட்டு வருமுன் நாம் போய் நிற்போம். "என்னால்தான் நடந்தது, என்ன செய்யணும் சொல்லுங்க" என்று கேட்போம். இழந்தவர் நாமாக இருந்தால், மன்னிப்பது ஸதகா என்பதை நினைப்போம்.

பிள்ளை தட்டை உடைத்தால் அடிக்கவேண்டாம். "உடைச்சிட்டேம்மா" என்று சொல்லப் பழக்குவோம். சொன்னதும் அணைத்துக்கொண்டு, சில்லுகளை அவனோடு சேர்ந்து பொறுக்குவோம். மறதிக்கும் பிழைக்கும் மன்னிப்பு வேண்டும் துஆவை நாம் அன்றாடம் ஓதுகிறோம். அதை ஓதும் நாவுக்குத் தன் தவறை ஒப்புக்கொள்ளும் துணிவையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.