அப்பாவின் பெயருக்கு இனி நீங்கள்தான் காவல்

இறந்துபோன மனிதருக்குக் கடன் கொடுக்க ஒரு நிறுவனம் துடித்துக்கொண்டிருக்கிறது. "அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்களுக்காகவே 3 லட்சம் ரூபாய் தயாராக இருக்கிறது" என்று அச்சடித்து, உறையின் மேல் அவர் பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறது. கருமாதி முடிந்தது. வருஷத் திதியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் திண்டிவனத்துச் சந்து ஒன்றில் தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அம்மா அடுப்படியிலிருந்து வருகிறார், ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்குகிறார், பிரிக்காமல் டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைக்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு கட்டு இருக்கிறது. காப்பீட்டுப் புதுப்பிப்பு, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம், காதுகேட்கும் கருவிக்குத் தள்ளுபடி, வண்டி எக்ஸ்சேஞ்ச் மேளா!

"கம்பெனிக்காரன் அனுப்பிக்கிட்டேதான் இருப்பான், நாம என்ன பண்ண முடியும்?" என்று கேட்கிறீர்கள். முடியும். உங்களால்தான் முடியும். உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது!

அது ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். நகராட்சியிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ நீங்கள் பதிந்த இறப்பு அந்தப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து எந்தக் கம்பெனிக்கும் தகவல் போவதில்லை. கம்பெனியிடம் இருப்பது ஒரு பெயர்ப் பட்டியல். எப்போதோ வண்டி வாங்கியபோது, கடையில் பரிசுக் கூப்பன் நிரப்பியபோது அப்பா எழுதிக் கொடுத்த முகவரி அது. அந்தப் பட்டியல் தானாக அச்சாகிறது, தானாக உறைக்குள் போகிறது. இங்கிலாந்தில் இறந்தவரின் பெயரைப் பதிந்தால் விளம்பரத் தபாலை நிறுத்த உதவும் பதிவேடு 2000 முதல் இருக்கிறது. நம் நாட்டில் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக அப்படி ஒன்று இல்லை. ஆகவே ஒவ்வொரு கதவாகத் தட்டியாக வேண்டும். மலைக்காதீர்கள். மொத்தமே ஏழெட்டுக் கதவு இருக்கும்!

உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்து லால் பிகாரி என்ற மனிதரை நினைத்துப் பாருங்கள். நிலத்துக்காக உறவினர்கள் அவரை அரசுப் பதிவேட்டில் இறந்தவராக்கிவிட்டார்கள். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க 1975 முதல் 1994 வரை அவர் போராடினார். தன் பெயரோடு 'இறந்தவர்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார், தன்னைப் போன்றவர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார், தேர்தலிலும் நின்றார். கடைசியில் வென்றார். பதிவேடு முழுவதும் தனக்கு எதிராக இருந்தபோதே ஒரு சாதாரண மனிதர் 19 ஆண்டு விடாமல் நின்றிருக்கிறார். உங்களுக்கோ பதிவேடு சாதகமாக இருக்கிறது. அரசு முத்திரையிட்ட இறப்புச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கிறது. பிறகு எதற்குத் தயக்கம்?

சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் கிடையாது. நம் பக்கத்தில் பலரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் பதிவு அங்கேயே. புதுச்சேரி ஜிப்மரில் பிரிந்தால் பதிவு புதுச்சேரியில். விஷயம் தெரியாமல் மயிலத்திலும் ஒலக்கூரிலும் கிராம நிர்வாக அலுவலரின் அறை வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த வெள்ளத்தில் காகிதங்களைப் பறிகொடுத்தவர்களும் மனம் தளர வேண்டாம். பதிவு பத்திரமாக இருக்கிறது. மறுபடி நகல் வாங்கலாம்.

இப்போது அந்தக் கடிதக் கட்டை எடுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், எடுங்கள்! கோபத்தில் ஒரேயடியாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் வந்த ஒரு கடிதத்தையாவது பிரித்துப் படியுங்கள். ஐம்பது விளம்பரத்துக்கு நடுவே உங்கள் குடும்பத்துக்கு வரவேண்டிய காப்பீட்டுப் பணம் ஒளிந்திருக்கலாம். வங்கிப் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் காலமானவர் என்றால், காப்பீடு நடப்பில் இருந்திருந்தால், 2 லட்சம் ரூபாய் நாமினிக்கு உரியது. கேட்காமல் கிடக்கும் வைப்புத்தொகையைத் தேட ரிசர்வ் வங்கி 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தையே திறந்து வைத்திருக்கிறது. வேண்டாத தபாலை நிறுத்தப் போகிறவர், வேண்டிய பணத்தை விட்டுவிடக் கூடாது.

பிரித்தாயிற்றா? எல்லா உறையிலும் கம்பெனியின் முகவரி இருக்கும், பெரும்பாலும் வாடிக்கையாளர் எண்ணும் இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள்:

"உங்கள் வாடிக்கையாளர் எண் இது. இந்தப் பெயரில் உள்ள என் தந்தை இந்தத் தேதியில் காலமானார். இறப்புச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அவர் பெயருக்கு விளம்பரமாக எதையும் இனி இந்த முகவரிக்கோ, செல்பேசிக்கோ அனுப்பக் கூடாது. அவர் பெயரை உங்கள் விளம்பரப் பட்டியலிலிருந்தும், நீங்கள் அதைக் கொடுத்திருக்கும் பிற நிறுவனங்களின் பட்டியலிலிருந்தும் நீக்கி, 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். அவர் பெயரில் காப்பீடோ வேறு வரவோ இருந்தால் விவரம் அனுப்பவும்."

இவ்வளவுதான். கெஞ்ச வேண்டாம். உயர்திரு மேலாளர் சமூகத்துக்குத் தாழ்மையான விண்ணப்பம் எதுவும் வேண்டாம். நீங்கள் சலுகை கேட்கவில்லை, ஓர் உண்மையைத் தெரிவிக்கிறீர்கள். 15 நாள் கெடு வைப்பதிலும் தவறு இல்லை. இறந்தவரின் கணக்கைத் தீர்க்க, காகிதம் முழுதும் வந்த பிறகு வங்கிகளுக்கே 15 நாள்தான் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதி போட்டிருக்கிறது.

சான்றிதழ் நகலின் குறுக்கே "விளம்பரத் தபாலை நிறுத்த மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆதார் நகல் இதற்குத் தேவையில்லை. உறையில் இருக்கும் பெயருக்கும் சான்றிதழுக்கும் இனிஷியல் மாறியிருந்தால் இரண்டையும் 'என்கிற' போட்டுச் சேர்த்தே எழுதிவிடுங்கள், அதைச் சாக்காக்கித் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. 50 கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி. ரசீது பத்திரம்! அதிலுள்ள எண்தான் உங்கள் சாட்சி. கடிதம் போன பிறகும் அதே கம்பெனியிலிருந்து உறை வந்தால் பிரிக்காமல், "பெறுநர் காலமானார், அனுப்பியவருக்கே திருப்பவும்" என்று மேலே எழுதித் தபால்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

செல்பேசிக்கு வரும் தொல்லைக்கு 1909. அப்பாவின் எண்ணிலிருந்தே கூப்பிட்டு விளம்பர அழைப்பும் குறுஞ்செய்தியும் வேண்டாம் என்று பதியுங்கள். அந்த சிம்மை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். கைவிட்ட எண் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போகலாம். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் இறப்பைத் தெரிவித்து எண்ணை நீக்கிய பிறகு ஒப்படையுங்கள். "உங்க அப்பா பாலிசிப் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று எவராவது பேசினால் அந்த நொடியே துண்டியுங்கள்.

கடன் வசூல் என்று மிரட்டுகிறார்களா? நிமிர்ந்து நின்று பேசுங்கள். நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போடாதவரை, அப்பா விட்டுப்போன சொத்தில் உங்களுக்கு வந்த அளவுக்குத்தான் அவர் கடனுக்கு நீங்கள் பொறுப்பு. சொத்தே வராதவரிடம் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. வங்கிக் கடனுக்குக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக்கடன் என்றால் 9 மணியிலிருந்து 6 மணி வரைதான். துக்க வீட்டுப் பெண்களைத் திண்ணையில் உட்கார்ந்து அதட்டுகிறவனிடம் இந்த இரண்டு வரியைச் சொல்லிப் பாருங்கள், அவன் குரல் தானாக இறங்கும்.

15 நாளில் பதில் வரவில்லையா? நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ 30 நாளாகியும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள், வழி கேட்க 14448. மற்ற கம்பெனிகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். சான்றிதழே கைக்கு வராமல் இழுக்கிறார்கள் என்றால் திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நில்லுங்கள். பெரிய ஆள் சிபாரிசு தேடி அலையாதீர்கள். உங்களைவிடப் பெரிய ஆள் இந்த விஷயத்தில் கிடையாது, நீங்கள் அவர் பிள்ளை!

இன்னும் ஒன்றே ஒன்று. கடிதத்தை நீங்கள் எழுதுங்கள், கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். 'என் தந்தை' என்ற இடத்தில் 'என் கணவர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த உறைகளை வாசலில் நின்று வாங்கியவர் அவர்தானே? அஞ்சலகத்துக்கும் அவரையே கூட்டிப் போங்கள். கவுன்ட்டரில் அவரே நீட்டட்டும், ரசீதை அவரே வாங்கட்டும். அடுத்த முறை கம்பெனியிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிப் போன் வந்தால் நீங்கள் எடுக்காதீர்கள். அவரே எடுத்து, "எழுதி அனுப்பியாச்சுப்பா. ரசீது நம்பர் சொல்றேன், குறிச்சுக்கோ" என்று சொல்லட்டும்.