ஊற்றிய தண்ணீர் எங்கே போனது?



வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் வீதி உங்களுக்குத் தெரியும். சுமார் 27 கிலோமீற்றரில் ஏறக்குறைய 800 மீற்றர் உயரம் ஏறவேண்டும். பாரம் ஏற்றிய லொறிகள் முனகிக்கொண்டே ஏறும். இந்த ஏற்றத்தில்தான் ஓர் இளைஞரின் மோட்டார் சைக்கிள் ஆவி கக்கி நின்றுவிட்டது. பிறகு நடந்ததை அவர் என் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னார். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட செய்தி அல்ல. "எழுதுங்கள் சாமி, யாருக்காவது உதவும்" என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நம் மலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை காற்றாலேயே குளிர்பவை. அவருடையதோ ரேடியேட்டர் உள்ள வண்டி. முன்சக்கரத்துக்குப் பின்னால், மெல்லிய அலுமினியக் குழாய்களும் தகடுகளுமாக அது இருக்கும். எஞ்சினின் சூட்டை வாங்கி வரும் நீரை அது ஆற்றித் திருப்பி அனுப்பும். தோட்டப் பாதையில் ஒரு கல் தெறித்து அதில் பட்டதிலிருந்து நீர் குறையத் தொடங்கியது. அவர் என்ன செய்தார்? தினமும் காலையில் ஒரு போத்தல் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். வண்டி ஓடியது. மூன்று மாதம் அப்படியே ஓட்டினார்.

நகரத்துக் கராஜில் வண்டியைப் பார்த்த பாஸ் கேட்டாராம்: "தம்பி, மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றினாயே, ஊற்றியதெல்லாம் எங்கே போனது என்று ஒரு நாளாவது பார்த்தாயா?"

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்வி அந்த இளைஞருக்கு மட்டும் உரியதா? ஞாயிறுதோறும் திருப்பலி காண்கிறோம், நற்கருணை வாங்குகிறோம். மாலையில் லயத்துக் காம்பராவில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்கிறோம். இறைவன் தம் அருளைக் குறைவின்றி ஊற்றுகிறார். ஆனால் புதன்கிழமைக்குள் நம் உள்ளம் வறண்டு, சிறு சொல்லுக்கும் கொதித்து எழுகிறோமே! ஊற்றிய அருள் எங்கே போனது? ஊற்றுகிறவரிடம் குறையில்லை. கலத்தில்தான் வெடிப்பு.

எரேமியா இறைவாக்கினர் தம் மக்களிடம் இதைத்தான் சொன்னார் (எரே 2:13). உயிருள்ள நீரூற்றாகிய ஆண்டவரை விட்டுவிட்டு, நீர் தங்காத வெடித்த தொட்டிகளை அவர்கள் தங்களுக்கு வெட்டிக்கொண்டார்கள் என்று ஆண்டவர் வருந்துவதாக எழுதிவைத்தார்.

கராஜில் நடந்ததைக் கேளுங்கள். இளைஞர் அவசரப்பட்டு மூடியைத் திறக்கப் போனார். பாஸ் கையைத் தட்டிவிட்டார். மூடிக்குள் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பாய்ந்தால் தோல் உரிந்துவிடும். சூடு ஆறும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு பாஸ் ரேடியேட்டரைக் கழற்றி, வாய்களை அடைத்து, ஒன்றின் வழியாக அளவாகக் காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். கல் பட்ட இடத்தில் குமிழி வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அடியில், கண்ணில் படாத ஒரு மூலையிலும் குமிழி வந்தது. அங்கே கல் படவில்லை. சேர்க்கவேண்டிய குளிர்ப்பு மருந்தைச் சேர்க்காமல் வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததால் உள்ளிருந்தே அலுமினியம் அரித்துப்போயிருந்தது.

"மேலே பசை பூசித் தந்துவிடுங்கள்" என்றார் இளைஞர். பசை நெடுநாள் நில்லாது. ஓட்டை அடைக்கும் தூளை உள்ளே கொட்டினால், அது ஓட்டையோடு நல்ல குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைக்கும் ஈயமும் அலுமினியத்தில் ஒட்டாது. அழுக்கைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே அதற்குரிய முறையில் பற்றவைக்கவேண்டும். பாஸ் அப்படியே செய்து, மறுபடியும் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தார். குமிழி வரவில்லை.

இதைச் சொல்லி முடித்த இளைஞர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சாமி, அந்த இரண்டாவது குமிழிதான் என்னைத் தூங்கவிடவில்லை" என்றார்.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா, நடுவே ஒரு சுவர். தகப்பனார் இறந்த வீட்டில் அண்ணன் எல்லார் முன்னிலையிலும் கடுமையாய் ஏசிவிட்டார். அன்று முதல் மூன்று ஆண்டுகளாகப் பேச்சில்லை. "அண்ணன் எறிந்த கல்" என்றே தம்பி எல்லாரிடமும் சொல்லிவந்தார். அதுவும் உண்மைதான். ஆனால் தகப்பனாரின் ஊழியர் சேமலாப நிதி தம்பியின் பெயருக்கே வந்தது. அதில் ஒரு பகுதியை அண்ணனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டார். வண்டிக்கு முதலில் கட்டிய பணம் அதுதான். கல் வெளியே பட்டது. அரிப்போ உள்ளே இருந்தது!

நம் பாட்டன் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த ஐந்து காரியங்களை நினைத்துப் பாருங்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், பரிகாரம். 1973ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் திருச்சபை இதன் சடங்குமுறையைப் புதுப்பித்தபோது, ஒப்புரவு என்ற கருத்தையும் முன்னே நிறுத்தியது. இறைவனோடு மட்டுமல்ல, சகோதரனோடும் ஒப்புரவாக வேண்டும். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவரே கற்பித்திருக்கிறார் (மத் 5:23-24).

கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், ஆறட்டும். ஆனால் ஆறுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், மூன்று ஆண்டுகள் வேண்டாம். கிறிஸ்மஸ் அன்று ஒரு தட்டுப் பலகாரம் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பது மேலே பூசிய பசை. "எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்" என்று வாயால் சொல்லி உள்ளே அடைத்துவைப்பது, தூள் கொட்டி நல்ல குழாய்களையும் அடைப்பது. பிறர் எறிந்த கல்லை மட்டும் எண்ணாமல், உங்களுக்குள்ளே அரித்த இடத்தையும் ஒளியில் பிடித்துப் பாருங்கள். எடுத்தது பிறர் பொருளானால் திருப்பிக் கொடுங்கள். அதைச் செய்யாமல் பரிகாரம் நிறைவுபெறாது.

அந்த இளைஞர் பாவசங்கீர்த்தனம் செய்தார். அன்று மாலையே அண்ணன் வாசலுக்குப் போய், எடுத்த தொகையைச் சொல்லி, மாதாமாதம் தருவதாகச் சொன்னார். அண்ணன் கட்டிப்பிடித்து அழவில்லை. வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டாராம்.

அது போதும். ஒப்புரவு பல வீடுகளில் அப்படித்தான் தொடங்குகிறது.

அன்பார்ந்த குடும்பங்களே, இன்று இரவு ஜெபம் முடிந்ததும் விளக்கை அணைக்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டவர் இத்தனை ஆண்டுகள் எனக்குள் ஊற்றியதெல்லாம் எங்கே போனது? விடை கிடைத்த இடத்தை மறைக்காதீர்கள். கலத்தைத் தூக்கி எறிகிறவர் அல்ல நம் ஆண்டவர், பழுது பார்ப்பவர். அவருடைய அமைதி உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.