வென்ற பின்புதான் மனிதனா?

கேரளத்தின் திருச்சூர் விளையாட்டரங்கில் சிறுவன் ஒருவன் சோடாப் போத்தல் விற்றுத் திரிந்தான். போத்தலுக்குப் பத்துப் பைசா கிடைக்கும். வீட்டிலோ வறுமை, பிறந்ததோ சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடும்பம். 1969 இல் பிறந்த ஐ. எம். விஜயன் என்பவரே அச்சிறுவன். பதினேழாம் வயதில் கேரளப் பொலிஸ் உதைபந்தாட்டக் குழுவிற் சேர்ந்தார். பின்னர் இந்தியக் குழுவுக்கே தலைவரானார். 1999 இல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய பன்னிரண்டாவது வினாடியிலேயே கோல் அடித்தார். 2003 இல் அர்ஜுனா விருதும் 2025 இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன.

“பார்த்தாயா, முயன்றால் முன்னேறலாம்” என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். நல்ல பாடந்தான். ஆனால் அது பாதிப் பாடமே. பந்து விளையாடத் தெரியாத ஒரு சிறுவன் அதே அரங்கிற் சோடா விற்றிருந்தால் அவன் மதிப்புக் குறைந்தவனா? விஜயனைக் கோல் அடித்ததற்காக மட்டும் மதிப்போமானால், நாம் மதிப்பது கோலையே அன்றி மனிதனை அல்ல.

வெற்றி இழிவைத் துடைத்துவிடும் என்பதும் உண்மையன்று. பிறேசில் நாட்டு வினீசியஸ் ஜூனியர் உலகப் புகழ் பெற்ற வீரர். ஆயினும் 2023 மே மாதம் ஸ்பெயினின் வலென்சியா நகரிற் சிலர் அவரது கறுப்பு நிறத்தைச் சொல்லி, குரங்கு என்று இழித்தார்கள். 2024 இல் நீதிமன்றம் மூவருக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. புகழும் பணமும் அவருக்குக் கேடயமாகவில்லை.

“சாதித்துக் காட்டினாற்றானே உலகம் கண் திறக்கும்?” என்று கேட்கலாம். திறக்கும், ஆனால் சாதித்தவனுக்கு மட்டும் திறக்கும் கதவு நீதியின் கதவாகாது. மனிதனின் மாண்பு அவன் ஈட்டியதன்று. தமது சாயலாக அவனைப் படைத்த இறைவன் கொடுத்தது. நிறத்தாலும் இனத்தாலும் மனிதரைப் பாகுபடுத்துவது கிறிஸ்துவின் மனத்துக்கு மாறானது என்று 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் தெளிவாகக் கற்பித்தது.

தூரதேசத்தாரைக் குறைசொல்வது எளிது. 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பல. அவர்களைத் “தோட்டக்காட்டார்” என்று ஏளனமாய்ச் சொன்ன வாய்கள் நம்மிடையே இல்லையா? கல்யாணப் பேச்செடுத்தால் “என்ன ஆக்கள்?” என்று குரல் தாழ்த்திக் கேட்பதில்லையா? நாசரேத்திலிருந்து நல்லது வருமோ என்று நத்தானியேல் கேட்டதும் இதே கேள்விதான். வந்து பார்த்தபின் அவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். நாமோ வந்து பார்க்கவும் மறுக்கிறோம்.

பெற்றோரே, விஜயனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அத்தோடு, ஒன்றும் வெல்லாத பக்கத்து வீட்டுப் பையனையும் உங்கள் வீட்டுப் பந்தியில் அமர்த்துங்கள். திருப்பலியிற் சமாதானம் சொல்லிக் கும்பிடும் கைகள், வீட்டு வாசலில் அவனுக்குத் தனிக் குவளை நீட்டலாகாது.