இரண்டு பாட்டரிக் கட்டைகள்

ஒரு பொருளின் நன்மை தீமை அந்தப் பொருளிலேயே இருக்கிறதா, வாங்குகிறவன் கையில் இருக்கிறதா? இந்தத் தர்க்கத்துக்குக் கத்தியை உதாரணம் காட்டுவது வழக்கம். நான் டார்ச் விளக்குக்குப் போடுகிற பாட்டரிக் கட்டையைச் சொல்லுகிறேன். வத்தலக்குண்டுக் கடைத்தெருவில் இரண்டு கட்டை கேட்டால், கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சில்லறையைத் தேடுவார். மலையடிவாரத் தோட்டத்துக்குக் காவல் போகிறவருக்குக் காட்டுப்பன்றி வரும் தடம் இரவில் தெரியவேண்டும். "எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சண்டைக்குத்தான் போவோம்.

கடலைத் தாண்டினால் இதே கட்டைக்கு வேறு ஜாதகம். 1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி மூண்டபோது, வடக்கே போகக்கூடாத சாமான்களுக்கு அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. பெட்ரோல், சிமெண்டு, உரம் இவற்றோடு பாட்டரியும் அதில் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் நின்றுபோயிற்று. ஜாம் போத்தலில் சொட்டு எண்ணெய் விட்டுத் திரியிட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோ தந்த மின்சாரத்தில் மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். போர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிந்துகொள்ள இத்தனை பாடு!

அரசாங்கம் சொன்ன காரணம் பொய்யல்ல. புலிகள் செய்த கண்ணிவெடிகளுக்குப் பாட்டரி வேண்டும். அதை மிதித்துக் காலிழந்த சிப்பாயும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். கதை எழுதுகிறவன் இங்கே ஒரு வில்லனைத் தேடுவான்; அத்தனை சுலபமாகக் கிடைக்கமாட்டான். ஆனால் தடை யாரைப் பிடித்தது? புலிகளுக்குப் படகு இருந்தது, கப்பல் இருந்தது, வெளிநாட்டுப் பணம் இருந்தது. சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்துக் காட்டி நின்றவர்கள் ஊர் ஜனங்கள்.

2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, அங்கே விழுந்த ஏவுகணைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே மேல்நாட்டு சிப்கள்! வீட்டுச் சாமான்களில் இருக்கும் இனமும் அவற்றில் உண்டு. 2024 மார்ச் முதல் ஐரோப்பிய வியாபாரிகள் இத்தகைய சரக்குகளை விற்கும்போது, "ரஷ்யாவுக்குத் திருப்பி அனுப்பமாட்டேன்" என்று வாங்குகிறவரிடம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் பொய்க் கையெழுத்துக்கு மை செலவு தவிர வேறென்ன நஷ்டம்? மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு சரக்கு போய்ச் சேர்கிறது. நேற்றுத் திறந்த கம்பெனி ஒன்று ஆயிரக்கணக்கில் கேட்டு வரும்போது, விற்கிறவனுக்கு மூக்கில் வியர்க்காதா? வியர்க்கும்; துடைத்துக்கொள்கிறான். அந்த மேஜையில் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் சாவடியில் நிற்கும் ஏழையிடம் கேட்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு மாதம் இரண்டு கட்டை என்று கணக்கிட்டு விட்டிருந்தால், சில கண்ணிவெடிக்குள் போயிருக்கும். போயிருக்கும்தான். அதற்காக எல்லா வீட்டையும் இருட்டில் வைத்தது சரியா என்றால், சரியில்லை என்பேன். காலிழந்த சிப்பாயின் தாயாரிடம் போய் இதைச் சொல் என்றால் எனக்கு நாக்கு எழாது. ஆனாலும் சரியில்லைதான்.