தாவீது கேட்ட ஆட்டுக்குட்டிக் கதை



எளியவன் பெரியவனை ஜெயிக்கிற கதை என்றால் நமக்கு ஏன் இவ்வளவு பிரியம்? 1983 ஜூன் 25-ஆம் தேதி லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 183 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. எதிரே நின்றது, முந்தின இரண்டு உலகக் கோப்பையையும் ஜெயித்த மேற்கிந்தியத் தீவு அணி. அவர்கள் 140 ரன்னில் சுருண்டார்கள். (பாஸ்டர் கிரிக்கெட் பேசுறாரேன்னு முகம் சுளிக்காதீங்க. இதைக் கேட்டு உள்ளுக்குள்ளே சந்தோஷப்படாத விசுவாசி எத்தனை பேர்?) மனுஷருடைய இருதயத்தில் தேவன் நியாயத்தை எழுதி வைத்திருக்கிறார் (ரோமர் 2:15). எளியவன் ஜெயித்தால் அது துள்ளத்தான் செய்யும்.

தாவீது, கோலியாத் சரித்திரத்தையும் அப்படித்தான் கேட்கிறோம். கேட்கிற ஒவ்வொருவரும் அதில் தாவீதாகவே நிற்கிறோம். என் கடன் கோலியாத், என் வியாதி கோலியாத், என் மேலதிகாரி கோலியாத்! நானும் அப்படிப் பிரசங்கித்திருக்கிறேன், தப்பில்லை. ஆனால் ஒன்று பாருங்க. கல் பறப்பதற்கு முன்னால் ஏலா பள்ளத்தாக்கில் யாரும் கைதட்டவில்லை. கூடப்பிறந்த அண்ணன் எலியாபே தம்பிமேல் எரிந்து விழுந்தான் (1 சாமு. 17:28). ராட்சதன் விழுந்த பிறகுதான் சேனை ஆர்ப்பரித்து ஓடுது.

கல்வாரியிலும் அதே கூட்டம். சிலுவையிலிருந்து இறங்கி வரட்டும், அப்புறம் விசுவாசிக்கிறோம் என்றார்கள் (மத். 27:42). முதல்ல ஜெயிச்சுக் காட்டு! ஆண்டவர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர் பிலாத்துவின் அரண்மனை வாசலில் போய் நின்று, "இப்ப என்ன சொல்றே?" என்று கேட்கவுமில்லை. அழுதுகொண்டிருந்த பெண்களிடத்திலும், பயந்து கதவைப் பூட்டிக்கொண்ட சீஷரிடத்திலும் வந்தார்.

சரி, அந்தத் தாவீது ராஜாவான பிறகு? உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான். உரியா அரண்மனை வாசலில் வேலைக்காரரோடு படுத்துக் கிடந்த போர்ச்சேவகன். தன்னுடைய சாவுக்கான கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு போனான் (2 சாமு. 11:14). அதற்குப் பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து ராஜாவுக்கு ஒரு கதை சொல்கிறார். ஒரு ஐசுவரியவான், ஒரு தரித்திரன், அவன் மடியில் வளர்ந்த ஒரே ஆட்டுக்குட்டி. விருந்தாளிக்காக ஐசுவரியவான் அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்துப்போனான், அவன் சாகவேண்டும் என்றான். அது வேஷக் கோபம் இல்லை, பிரியமானவர்களே. சிங்கத்தின் வாயிலிருந்து ஆட்டுக்குட்டியைப் பிடுங்கின கை அது. கதையிலே வந்த ஏழைக்காக நிஜமாகவே துடித்தான், உரியாவின் மனைவி அதே வீட்டுக்குள் இருக்கும்போதே.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா சம்பளம் கூட்டிக் கேட்டபோது நாம் யாராக நின்றோம்? நேற்று வந்த மருமகளுக்கு முன்னால்? மகனுக்கு வரன் பார்க்கும்போது, ஞானஸ்நானம் எடுத்தாச்சான்னு கேட்கிறதுக்கு முன்னாலே எந்தத் தெருன்னு விசாரித்தோமே, அப்போது?

நாத்தான் விரல் நீட்டினதும் தாவீது சிங்காசனத்தில் உட்கார்ந்து வாதாடவில்லை. பாவம் செய்தேன் என்று அறிக்கையிட்டான். பிற்பாடு பத்சேபாள் பெற்ற குமாரரில் ஒருவனுக்கு நாத்தான் என்று பேர் (1 நாளா. 3:5). தீர்க்கதரிசியை நினைத்துத்தான் வைத்தானா என்று வேதம் சொல்லவில்லை. லூக்கா 3:31-ஐ எடுத்து வாசித்துப் பாருங்க. நம் ஆண்டவரின் வம்ச வரிசையில் அந்தப் பேர் இருக்கிறது.